வண்டி இல்லாதவர் கட்டும் வண்டி வரி

எங்கள் கல்லூரியில் வெள்ளிக்கிழமைதோறும் இறுதிப் பாடவேளையில் மாணவர் விவாத மன்றம் கூடுவது வழக்கம். சென்ற கூட்டத்தில் விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், "எரிபொருள் மீதும் மோட்டார் வண்டிகள் மீதும் விதிக்கப்படும் வரிகள் குறைக்கப்பட வேண்டும்" என்பதாகும். ஒட்டிப் பேசிய மாணவன், வண்டி ஒன்றின் அடக்க விலையைக் காட்டிலும் அதன்மேல் ஏறும் வரி பெரிதாயிருக்கும் கொடுமையை எடுத்துரைத்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டும், நடுத்தரக் குடும்பத்தவருக்குக் கார் என்பது கனவாகவே இருக்கின்றது என்றான். வெட்டிப் பேசியவனோ, வரி இல்லையேல் வீதி இல்லை, வைத்தியசாலை இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை என்று முழங்கினான். இருவரும் நன்றாகவே பேசினார்கள். கரகோஷமும் குறைவில்லாமல் கிடைத்தது.

தலைமை வகித்த நான் தீர்ப்புக் கூற எழுந்த வேளையில், பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து நின்றாள். இராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வருபவள். அதிகம் பேசாதவள்.

"சேர், எங்கள் வீட்டில் வண்டியே இல்லை. நாங்கள் எந்தக் கட்சியில் நிற்பது?" என்று கேட்டாள்.

வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வீட்டில் ஏதாவதொரு வண்டி வைத்திருப்போர் கையை உயர்த்துங்கள்" என்றேன். முச்சக்கர வண்டியையும் மோட்டார் சைக்கிளையும் சேர்த்து, முப்பத்து நான்கு பேரில் ஒன்பது கைகள் உயர்ந்தன. ஒரு மணி நேரமாக அந்த ஒன்பது கைகளுக்காகவே நாங்கள் வாதாடியிருக்கின்றோம். மற்ற இருபத்தைந்து பேரும் அதனைக் கேட்டுக் கைதட்டியிருக்கின்றார்கள்!

பொதுசன அபிப்பிராயம் என்று நாம் கூறுவதும் பெரும்பாலும் இத்தகையதே. பெற்றோல் விலை ஏறிய மறுநாள் பத்திரிகையில் வெளிவரும் படத்தைப் பாருங்கள். எண்ணெய் நிரப்பு நிலையமும் வண்டிகளின் வரிசையும் சினங்கொண்ட சாரதியின் முகமும் அதில் இருக்கும். வரிசையில் நிற்பதற்கு வண்டி இல்லாதவன் படத்திலும் இல்லை, பேச்சிலும் இல்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழுவதற்கு ஓர் இடமேனும் வேண்டாமா?

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. ஏப்ரல் 19ஆந் திகதி ரம்புக்கனையில் எரிபொருளின் பொருட்டுக் கூடிய மக்கள்மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் மாண்டார். ஜூன் இறுதியில், ஜூலை 10ஆந் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எரிபொருள் இல்லை என்ற அறிவித்தல் வந்தது. அதன் பின்னர் வந்ததுதான் கியூ.ஆர். குறியீட்டோடு கூடிய எரிபொருள் அனுமதி. தொடக்கத்தில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கீடு செய்யப்பட்டது.

என்னிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. ஆகவே வாரம் 4 லீற்றர் எனக்கு உரித்தாயிற்று. ஒருநாள் நானும் வரிசையில் நின்று, வரியையும் விலையையும் பற்றி அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து உரத்த குரலில் குறைகூறிக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய்க்கு வேறொரு வரிசை. அங்கே வெறும் கேனைக் கையில் வைத்துக்கொண்டு மூதாட்டி ஒருவர் நின்றிருந்தார். என் பழைய மாணவன் ஒருவனின் பாட்டியார் அவர். எனக்கு எண்ணெய் கிடைத்தது. அவருடைய வரிசை கலைந்தது. மண்ணெண்ணெய் அன்று வரவில்லை.

"மாஸ்டர், ஒங்க வண்டிக்கு நம்பர் இருக்கு, எண்ணெ கெடைக்குது. எங்க அடுப்புக்கு ஏது நம்பர்?" என்று கேட்டுவிட்டு, அவர் மேட்டில் ஏறி நடக்கலானார். அவர் என்னைக் குற்றஞ்சாட்டிப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் பங்கீட்டுத் திட்டம் மனிதரை எண்ணாமல் வண்டிகளை எண்ணியது என்பதை, அதற்குமுன் எனக்கு எவரும் அவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை.

விலைகளைச் சற்று ஒப்பிட்டுப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 92 ஒக்டேன் பெற்றோலை லீற்றர் 177 ரூபாவுக்கு விற்றது. ஜூன் இறுதியில் அதன் விலை 470 ரூபா. அஃதாவது இரண்டரை மடங்கைச் சற்றுத் தாண்டியது. டீசலோ 121 ரூபாவிலிருந்து 460 ரூபாவுக்கு ஏறியது. இது ஏறத்தாழ நான்கு மடங்கு. மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்து, ஆகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. இதுவும் ஏறத்தாழ நான்கு மடங்கே. காரில் செல்வோரின் எண்ணெய் ஏறியதைக் காட்டிலும், பஸ்ஸில் செல்வோரின் எண்ணெயும் அடுப்பெரிப்போரின் எண்ணெயுமே வேகமாக ஏறின. தோட்டத் தொழிலாளிக்கு 2021ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1000 ரூபா. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் முன்னர் அச்சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. பின்னர் மூன்றில் ஒரு பங்கிலும் அதிகம்.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் முற்றிலும் பொய்யன்று. மண்ணெண்ணெய் அடக்க விலைக்கும் குறைவாகவே விற்கப்பட்டு வந்தது. விலை வித்தியாசத்தைக் கண்டு, அதனை டீசலோடு கலந்து வண்டி ஓட்டியவர்களும் இருந்தார்கள். ஏழையின் பெயரால் கொடுக்கப்பட்ட சலுகையின் ஒரு பகுதியை லொறிகளும் பஸ்களும் குடித்தன. ஆனால் அக்களவுக்குரிய தண்டனை வந்தபோது, அதில் பங்கு பெறாத அடுப்புகளும் சேர்ந்தே அதனை அனுபவித்தன.

டீசலின் கதையும் இத்தகையதே. நமது வலப்பனைப் பகுதியில் விளையும் கரட்டும் கோவாவும் லீக்சும் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் லொறியில்தான் செல்ல வேண்டும். லொறிக் கூலி ஏறினால், வியாபாரி அதனைத் தோட்டக்காரருக்குக் கொடுக்கும் விலையில் கழித்துக்கொள்கின்றார். அதே லொறி திரும்பி வரும்போது ஏற்றிவரும் அரிசியிலும் கோதுமை மாவிலும் அக்கூலி மறுபடியும் ஏறுகின்றது. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது இதுதான். பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்தது. ஜூலைத் தொடக்கத்தில் 40 ரூபாவாயிற்று. பின்னர் சிறிது குறைந்ததேயன்றிப் பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

விவாத மன்றத்தில் கேள்வி கேட்ட மாணவியோடு பின்னர் பேசியபோதுதான் மற்றொன்றை அறிந்தேன். அவளுக்கு ஓர் அண்ணன். 2022இல் அவன் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். காலைப் பஸ் நின்றது. பிறகு ஓடத் தொடங்கிய பஸ்ஸில் இருவருக்கும் கட்டணம் கொடுக்க வீட்டில் இயலவில்லை. "நீ போ" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். இன்னும் அங்கேதான் இருக்கின்றான். எரிபொருள் விலையைப் பற்றி அந்தப் பையனின் அபிப்பிராயத்தை எவராவது கேட்டார்களா? ஆசிரியனாகிய நானும் கேட்கவில்லை. இடைவிலகியோர் பதிவில் அவன் பெயரை எழுதிக்கொண்டதோடு என் கடமை முடிந்தது என்றிருந்தேன்.

அவ்வாறாயின், வரியைக் குறைக்க வேண்டும் என்று எல்லோரும் ஒருமித்துக் கோஷமிட்டால் போதுமா? போதாது என்பதற்கு நமது அண்மைக்காலச் சரித்திரமே சான்று. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டபோது நாம் மகிழ்ச்சியடைந்தோம். அரசாங்கத்தின் வருமானம் வற்றியது. 2022இல் 12 வீதம், பின்னர் 15 வீதம், 2024 ஜனவரியில் 18 வீதம் என்று அவ்வரி திரும்பி வந்தது. அவ்வேளையில் பெற்றோல், டீசல் மீதும் அது விதிக்கப்பட்டது. இலவசமாகக் கிடைத்ததாக எண்ணியதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தோம்.

மக்களின் சினம் வலிமையற்றது என்று நான் கூறவில்லை. 1953இல் அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆந் திகதி நடந்த ஹர்த்தால் நாட்டை உலுக்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க அக்டோபரில் பதவி துறந்தார். பிரான்ஸ் தேசத்தில் 2018 நவம்பரில் மஞ்சள் அங்கி அணிந்து வீதிக்கு வந்தோர், பஸ்ஸும் ரயிலும் குறைந்த நாட்டுப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் வாழ்ந்து காரையே நம்பியிருந்தவர்கள். மறு ஆண்டு ஜனவரியில் ஏறவிருந்த எரிபொருள் வரியை அந்நாட்டு அரசாங்கம் கைவிட நேர்ந்தது. சினம் ஒரு விலையேற்றத்தைத் தடுத்து நிறுத்தும். ஆனால் தடுத்த பின்னர் அச்சுமை எவர் தோளுக்கு மாறுகின்றது என்பதைப் பார்ப்பதற்குச் சினம் போதாது, கணக்கு வேண்டும்.

கணக்குக் கேளாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு இங்கிலாந்தின் கதை ஒன்று உண்டு. அங்கே வண்டிக்காரரிடமிருந்து அறவிடும் வரி வீதிகளுக்கே செலவாக வேண்டும் என்ற எண்ணத்தோடு, 1920ஆம் ஆண்டின் சட்டத்தினால் வீதி நிதி ஒன்று உண்டாக்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், நிதியமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதிலிருந்து பணத்தை எடுத்துப் பொதுச் செலவுக்குத் திருப்பினார். 1937க்குப் பின்னர் வண்டி வரி முழுவதுமே பொதுத் திறைசேரிக்குச் சென்றது. ஆயினும் "நான் வீதி வரி கட்டுகின்றேன்" என்று சொல்லும் வழக்கம் அங்கே நெடுங்காலம் நீங்கவில்லை.

நாமும் அவ்வாறே பலவற்றை அறியாமல் கட்டுகின்றோம். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைப்பதற்காக லீற்றருக்கு 50 ரூபா அறவிடப்படுவதாக 2025இல் எரிசக்தி அமைச்சரே பகிரங்கமாகக் கூறினார். வண்டியே இல்லாத அம்மாணவியின் வீடும் மாவின் விலையிலும் பஸ் கட்டணத்திலும் அக்கடனில் தன் பங்கைச் செலுத்துகின்றது. "நாங்கள் வரி கட்டுவதில்லை" என்று தோட்டத்து மக்கள் பலர் எண்ணுகின்றார்கள். மற்றவர்களும் அவர்களை அவ்வாறே எண்ணுகின்றார்கள். இரண்டும் தவறு. கட்டுகின்றோம் என்று அறிந்தவனுக்குத்தான் கணக்குக் கேட்கும் துணிவு பிறக்கும்.

அவ்வாறு கேட்பதாயின், மூன்றினைக் கேட்கலாம். முதலாவது, ஒவ்வொரு லீற்றரிலும் அடக்கம் எவ்வளவு, வரி எவ்வளவு, கடன் எவ்வளவு என்பது எண்ணெய் நிரப்பு நிலையத்தின் பலகையிலேயே மூன்று மொழிகளிலும் எழுதப்பட வேண்டும். இரண்டாவது, அவ்வரியில் ஒரு பகுதி மலைநாட்டுப் பாதைகளில் பள்ளி நேரத்தில் தவறாமல் ஓடும் பஸ்ஸாகத் திரும்பி வர வேண்டும். வண்டியில்லாதவன் செலுத்திய வரிக்கு அவன் ஏறக்கூடிய வண்டியே தக்க பிரதியுபகாரம். மூன்றாவது, சலுகையை எண்ணெயில் கலவாமல் ஏழைக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். 2005 அக்டோபரில் இந்தோனேசியா மண்ணெண்ணெய் விலையை ஏறத்தாழ மூன்று மடங்காக்கியபோது, ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கப் பணம் வழங்கிற்று. பெயர்ப் பட்டியலில் குறைகள் இருந்தன. ஆயினும் லொறி குடிக்க முடியாத சலுகை அது. நம் நாட்டில் 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தின் பட்டியலில் லயத்து வீடுகள் விடுபடாமல் இருக்கின்றனவா என்பதை, அவ்வவ்விடத்துப் படித்த இளைஞர் கவனித்தல் வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் மன்றம் மீண்டும் கூடுகின்றது. பொருளை மாற்றியிருக்கின்றேன். "எரிபொருள் வரியில் எங்கள் வீட்டின் பங்கு யாது?" என்பதே புதிய பொருள். பஸ் கட்டணம், மண்ணெண்ணெய், அரிசி, மா ஆகியவற்றுக்கு வீட்டில் ஒரு வாரம் ஆன செலவை ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வர வேண்டும். முதலில் பேசப் போகின்றவள் அந்தப் பின் வரிசை மாணவி. இதனை வாசிக்கும் மாணவர்களும் தங்கள் பெற்றோரோடு அமர்ந்து அவ்வாறு ஒரு கணக்கு எழுதிப் பார்க்கட்டும். தம்பி தங்கையரின் பஸ் கட்டணத்தையும் அதில் மறவாமல் சேர்த்துக்கொள்ளட்டும்.