வரி வாங்கும்போது கேட்காத ஊர்

புதுதில்லி: மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவை 29 பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்தன. அவற்றைச் செயல்படுத்தப் போவதில்லை என்று கேரள அரசு அப்போதே அறிவித்தது. தில்லிக்கும் மாநிலத்துக்குமான இந்த வாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கேள்வி, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி எல்லைக் கிராமங்களில் நாள்தோறும் எழுகிறது. தமிழ்நாட்டில் வீடு, கேரளத்தில் வேலை என்று வாழும் தொழிலாளியை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு விழுந்ததே தவிர, பிழைப்பு பிரியவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் இஞ்சிவிளை, அதற்கப்பால் பாறசாலை. கொத்தனாரும், கையாளும், கடை ஊழியரும் காலையில் எல்லை கடந்து மாலையில் வீடு திரும்புகின்றனர். முதலாளிகளும் எல்லை கடந்தவர்களே. கேரளத்தில் கூலி உயர்ந்தபோது, அங்குள்ள முந்திரி ஆலை அதிபர்கள் குமரி மாவட்டத்தில் ஆலைகளைத் திறந்த வரலாறு அனைவரும் அறிந்தது.

இந்தியாவில் வேலையின்மை உதவிக்கென முதலாளியிடம் தனி வரி வசூலிக்கப்படுவதில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. சந்தாவே அந்தச் சுமையையும் தாங்குகிறது. பொதுவாகப் பத்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் இதில் பதிவு பெற வேண்டும். 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். இந்த நிதியிலிருந்துதான் 2005இல் ராஜீவ் காந்தி பெயரிலும், 2018இல் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரிலும் வேலையிழந்தோருக்கான திட்டங்கள் வந்தன. வாஜ்பாய் பெயரிலான திட்டத்தின் உதவி 2020இல் சராசரி ஊதியத்தின் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதுவும் 90 நாள்களுக்கு மட்டுமே.

உதவி சிறியது, அதைப் பெறும் உரிமையோ முழுக்க முழுக்க முதலாளியின் பதிவைச் சார்ந்தது. அவர் பதிவு செய்யாவிட்டால் தொழிலாளிக்குக் காப்பீட்டு எண் இல்லை. எண் இல்லையென்றால் வேலை போன நாளில் அவர் வேலையில் இருந்தார் என்பதற்கே சான்று இல்லை. இ.எஸ்.ஐ. எண்ணும் வருங்கால வைப்பு நிதி எண்ணும் நாடு முழுவதும் செல்லத்தக்கவை என்பது உண்மை. ஆனால் முன்னதற்குப் பத்து பேர், பின்னதற்கு இருபது பேர் என்ற வரம்பு நிற்கிறது. எல்லையோரச் சிறு கடைகளும் பட்டறைகளும் பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழேயே இருப்பவை. எனவே, அங்கு வேலை செய்பவர் மத்திய அரசின் கணக்கிலிருந்து விலகி, மாநிலங்களின் கணக்குக்குள் வந்து சேர்கிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சிறு கடை ஊழியருக்காகக் கேரளம் 2006இல் தனி நல நிதிச் சட்டமே இயற்றியது. அதில் முதலாளியும் பங்கு செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள் உருவாயின. இரண்டுமே பாராட்டத்தக்க முயற்சிகள். ஆனால் இரண்டு பதிவேடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. படித்து வேலையற்றோருக்கு இரு மாநிலங்களும் வழங்கும் உதவித்தொகையோ தத்தம் மாநிலத்தவருக்கே உரியது.

தொழில்வரியில் மட்டும் இந்தத் தயக்கம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவு அதற்கு ஆண்டுக்கு ரூ.2,500 என உச்சவரம்பு வைத்துள்ளது. கேரளத்தில் இவ்வரி உள்ளாட்சி அமைப்புகளுக்குச் செல்கிறது. வரம்புக்கு மேல் ஊதியம் பெறும் ஊழியரிடம் முதலாளி பிடித்துச் செலுத்துகிறார். அந்த ஊழியரின் வீடு விளவங்கோட்டிலா, நெய்யாற்றின்கரையிலா என்று எந்த ஊராட்சியும் கேட்பதில்லை. வேலை எங்கே நடக்கிறதோ அங்கே வரி. இது நியாயமான விதிதான். அதே விதி உதவி வழங்கும்போது மட்டும் ஏன் மறக்கப்படுகிறது?

கட்டடத் தொழிலில் இந்த முரண்பாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நல வரியாக வசூலிக்கப்படுகிறது. நெய்யாற்றின்கரையில் எழும் கட்டடத்தின் வரி கேரள வாரியத்துக்குச் சேரும். அந்தச் சுவரை எழுப்பிய குமரி மாவட்டக் கொத்தனாரின் கையில் தமிழ்நாட்டு வாரிய அட்டை இருந்தால், அவருக்கான செலவு தமிழ்நாட்டின் தலையில் விழும். பதிவுக்கு முந்தைய ஓராண்டில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். வசிப்பிடத்தை அது நிபந்தனையாக்கவில்லை. ஆனால் அந்த 90 நாளுக்குச் சான்றளிக்க வேண்டியவர் எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒப்பந்ததாரர். வேறு மாநிலத்தில் வேலை செய்யும் கட்டடத் தொழிலாளி, நல வரி நிதியின் பலனை எடுத்துச்செல்ல வழி செய்ய வேண்டும் என்று புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு கூறுகிறது. அந்த வாசகம் எல்லை கிராமத்தை எட்டுவது இரு மாநிலங்களின் விதிகளைப் பொறுத்தது.

இதற்குத் தீர்வு காண்பது புதிய வித்தை அல்ல. அமெரிக்காவில் வேலையின்மைக் காப்பீட்டு வரிக்காக ஒவ்வொரு நிறுவனமும் மாநில அரசிடம் பதிவு பெற வேண்டும். தொழிலாளி பல மாநிலங்களில் வேலை செய்தால் எந்த மாநிலத்துக்கு வரி என்பதற்கு வரிசையான பொது விதி உண்டு. முதலில் வேலை நடக்கும் இடம் பார்க்கப்படும். வசிப்பிடம் கடைசியில்தான் வரும். ஐரோப்பிய ஒன்றியமோ, எல்லை கடந்து வேலைக்குச் சென்று முழுமையாக வேலையிழந்தவருக்கு வசிக்கும் நாடே உதவி வழங்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு விதியில் வகுத்தது. இரண்டு விதிகளும் வெவ்வேறானவை. ஆயினும் தொழிலாளியை நடுவழியில் நிறுத்தாமல் ஏதேனும் ஓர் அரசைப் பொறுப்பாக்குகின்றன. தனித்தனி நாடுகளுக்கு முடிந்தது, ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு முடியாதா?

பதிவு என்றாலே ஆய்வாளர், அபராதம், பழைய பாக்கி என்று சிறு முதலாளிகள் அஞ்சுவதையும் புறந்தள்ள முடியாது. அந்த அச்சத்தைப் போக்கவே இ.எஸ்.ஐ. கழகம் 2025இல் ஒரு சிறப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பதிவு செய்ய முன்வருவோரிடம் முந்தைய காலத்துக்குச் சந்தா கேட்கப்படாது என்றது. முதலாளிக்கு இது நிம்மதி. ஆனால் தொழிலாளியின் கடந்த ஆண்டுகள் கணக்கில் ஏறுமா? மன்னிப்பு ஒருவருக்கும் இழப்பு மற்றொருவருக்கும் என்று ஆகிவிடக் கூடாது. முதலாளியின் தவறால் தொழிலாளி உரிமை இழந்தால், கழகமே உதவி வழங்கிப் பின்னர் முதலாளியிடம் வசூலிக்க 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68ஆவது பிரிவு அன்றே இடம் தந்தது. அந்த நெறியே எல்லாப் பதிவேடுகளுக்கும் அடிப்படையாக வேண்டும்.

மொழியும் ஒரு தடையே. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுடன் தம் மொழியில் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்தது. நல நிதி அலுவலகங்களின் படிவங்களிலும் அந்த உரிமை தெரிய வேண்டும்.

செய்ய வேண்டியவை மூன்று. வேலை நடக்கும் மாநிலத்தில் பதிவும் சந்தாவும். தொழிலாளி கேட்கும் மாநிலத்தில் உதவி. இரு வாரியங்களுக்கு இடையே ஆண்டுதோறும் கணக்குத் தீர்ப்பு. பத்து பேருக்குக் குறைவான நிறுவனங்களும் விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்ற புதிய தொகுப்பின் வாய்ப்பை, களியக்காவிளையிலும் பாறசாலையிலும் முகாம் நடத்தி எடுத்துச் சொல்வது முதல் படியாக அமையலாம். தொகுப்புகளை ஏற்பதா எதிர்ப்பதா என்ற அரசியல் தொடரட்டும். அதற்காக, இரண்டு அரசுகளுக்கும் உழைப்பைத் தந்தவர் வேலையிழந்த நாளில் இரண்டு அலுவலகங்களிலும் அந்நியராக நிற்கக் கூடாது.