அம்மாவுக்குத் தெரிந்த ஒரே நம்பர்

போன மாதம் எங்கள் வீட்டு லேண்ட்லைனை சரண்டர் செய்துவிட்டோம். 'கடன் வேண்டுமா சார்' என்று கேட்பவர்களைத் தவிர அதில் யாரும் கூப்பிடுவதில்லை. வாடகை தண்டம் என்பது என் கணக்கு.

ஒரு வசதி மட்டும் உண்டு. பழைய செம்புக் கம்பி போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். அதனால் வீட்டில் கரன்ட் போனாலும் பேசலாம். (இப்போதைய ஃபைபர் இணைப்பில் அது நடக்காது. மோடம் அணைந்தால் போனும் போச்சு.) அது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கோயில் படியில் அம்மாவுக்குக் கால் பிசகிவிட்டது. அவருடைய மொபைல் வீட்டில் சார்ஜரில் கிடந்தது. பூக்காரம்மா தன் போனை எடுத்து, "வீட்டு நம்பர் சொல்லுங்கம்மா" என்றிருக்கிறார். அம்மா தடுமாறாமல் சொன்னது, நான் சரண்டர் செய்த அந்த நம்பரை. என் நம்பர் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லிக் கொடுத்ததில்லை. கடைசியில் பூக்காரம்மாவே ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்தார்.

லேண்ட்லைனை நிறுத்தப் போகிறீர்களா? பேங்க்கிலும் கேஸ் ஏஜென்சியிலும் நம்பரை மாற்றுங்கள். அதற்கு முன்னால், வீட்டுப் பெரியவர்களுக்கு எந்த நம்பர் மனப்பாடம் என்று கேளுங்கள்.

அம்மாவின் சுருக்குப் பையில் இப்போது என் நம்பர் எழுதிய அட்டை இருக்கிறது. தினமும் விளக்கேற்றும்போது பார்க்காமல் சொல்லிப் பார்க்கிறார். ஏழாவது இலக்கத்தில்தான் இன்னும் தடுக்குகிறது.