இயந்திரமும் நாமும்: புகைக்குழாயை மாற்றலாமா?

நாகபுரியிலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு வேலை கிடைத்து ஓராண்டு ஆகிறதாம். முதற் சேமிப்பைக் கொண்டு பழைய மாருதி எஸ்டீம் வண்டியொன்றை வாங்கியிருக்கிறான். இப்பொழுது அதன் எஞ்சினோடு வந்த வார்ப்பிரும்பு மானிஃபோல்டைக் கழற்றிவிட்டு, பந்தய வண்டிகளில் காணப்படும் ‘ஹெடர்ஸ்’ என்னும் குழாய்த் தொகுதியை வீட்டு வாசலிலேயே தன் கையால் பொருத்த வேண்டுமென்று நிற்கிறானாம். தடுத்தால் பிள்ளையின் மனம் வாடுகிறது. விட்டால் அண்டை வீட்டார் முகம் சுளிப்பார்கள். அக்குழாயால் உண்மையிலேயே பயன் உண்டா, அதை வீட்டில் பொருத்த முடியுமா, முடிந்தாலும் பொருத்தலாமா என்று அவர் கேட்கிறார்.

இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று. மோட்டார் சைக்கிளின் சைலன்சரை மாற்றத் துடிக்கும் பிள்ளைகள் நம்மவர் வீடுகள் பலவற்றில் இருக்கிறார்கள். ஆகவே இத்திங்கள் இப்பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் புகை எவ்வாறு வெளியேறுகிறது என்பதைப் பார்ப்போம். ரயில்வே எழுத்தனாகிய எனக்கு எளிதில் தோன்றும் உவமை நீராவி எஞ்சின்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறும் வண்டியை விடுமுறையில் ஊருக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அது ‘குப் குப்’ என்று ஒலிப்பது எதனால்? சிலிண்டரில் வேலையை முடித்த நீராவி, ஒரு குறுகிய குழாய் வழியாகப் புகைபோக்கிக்குள் பீறிட்டு எழுகிறது. அவ்வாறு எழும்போது கொதிகலனின் குழாய்களிலுள்ள புகையையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. புகை வெளியே போகப்போக, அடுப்புக்குள் புதுக்காற்று புகுந்து நெருப்பு ஓங்குகிறது. 1829ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ரெயின்ஹில் போட்டியில் வென்ற ‘ராக்கெட்’ எஞ்சினிலேயே இந்த அமைப்பு இருந்தது. 1938ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டிய ‘மல்லார்ட்’ எஞ்சினிலும், திருத்தி அமைக்கப்பெற்ற இரட்டைப் புகைபோக்கி இருந்தது. வெளியே போகும் ஆவி உள்ளே வரவேண்டியதை இழுத்துவரும் என்பதே இதன் தத்துவம்.

பெட்ரோல் எஞ்சினிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. எரிந்த வாயு வால்வு திறந்ததும் ஓர் அடியாக வெளியே பாய்கிறது. அந்த அடியின் பின்னே அழுத்தம் குறைகிறது. புகை வால்வு மூடுவதற்குச் சற்று முன்பே, புதுக்கலவை வரும் வால்வு திறக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கணத்தில் குழாயில் அழுத்தம் குறைந்திருந்தால், சிலிண்டரில் எஞ்சிய பழைய வாயு இழுபட்டு வெளியேறும். புதுக்கலவை தடையின்றி உள்ளே வரும்.

வண்டியோடு வரும் வார்ப்பிரும்பு மானிஃபோல்டில் நான்கு சிலிண்டர்களின் வழிகளும் மிகக் குறுகிய தூரத்தில் ஒன்றுசேர்ந்துவிடும். ஒன்றின் வாயு மற்றொன்றின் வழியில் முட்டும். ஹெடர்ஸ் என்பதோ சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு தனி எஃகுக் குழாய்களை, நீளத்தில் கூடியவரை ஒத்திருக்கும்படி வளைத்து, தூரத்தில் ஒன்றுசேர்ப்பது. நான்கும் ஒரே இடத்தில் சேருவது ஒரு வகை. அது மிகுந்த சுழற்சி வேகத்தில் பயன் தரும். முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பின்னர் ஒன்றாவது மற்றொரு வகை. அது நடுத்தர வேகத்தில் பயன் தரும். சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் எஞ்சினில், 1ஐயும் 4ஐயும் ஓர் இணையாகவும், 2ஐயும் 3ஐயும் மற்றோர் இணையாகவும் சேர்ப்பார்கள். அப்பொழுது ஒன்றின் அடி மற்றொன்றின் அடியோடு மோதாது.

இனி, பயன் எவ்வளவு? வேறெதையும் மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால், சாதாரண வண்டியில் நூற்றுக்குச் சில பங்கு ஆற்றல் கூடலாம். எரிபொருள் அளவையும் அதற்கேற்பத் திருத்தாவிட்டால் அதுவும் கிட்டாமற் போகலாம். அந்தக் கூடுதலும், எஞ்சின் மிக விரைவாகச் சுழலும்போதுதான் பெரும்பாலும் தெரியும். காலையில் அலுவலகம் போகும் நெரிசலில் அந்தச் சுழற்சி வேகத்தை யார் எட்டப் போகிறார்கள்? ஒலி பெருகுவதைக் கேட்டு வேகம் பெருகியதாக எண்ணுவது காது செய்யும் மயக்கம். ஆற்றலைத் தருவது குழாயின் வடிவமேயன்றி அதன் ஓசை அன்று.

தம்பி தன் கையால் வேலை செய்ய விரும்புவதை மட்டும் நான் குறை கூறமாட்டேன். அது பாராட்டத் தக்கது. வேலையின் முறையை இங்கே சொல்கிறேன். ஹெடர்ஸ் பொருத்தினாலும், விரிசல் விட்ட பழைய மானிஃபோல்டுக்குப் பதிலாக அதே வகைப் புதியதைப் பொருத்தினாலும் முறை ஒன்றே.

எஞ்சின் முற்றும் ஆறியிருக்க வேண்டும். ஓடும்போது அவ்விடத்தில் பல நூறு டிகிரி வெப்பம் இருக்கும். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். வண்டிக்கு அடியில் புகுவதானால் ஜாக்கியை மட்டும் ஒருபொழுதும் நம்பலாகாது. சமதரையில், உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இறக்கிவைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே அடியில் தலையை நுழைக்க வேண்டும்.

இந்த வேலையில் பொறுமையைச் சோதிப்பவை துருப்பிடித்த நட்டுகள். முதல்நாள் இரவே அவற்றின்மேல் துரு இளக்கும் எண்ணெயை விட்டுவைக்க வேண்டும். மறுநாள் ஸ்பேனரை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துத் தளர்த்த வேண்டும். வலிந்து திருகினால் ஸ்டட் முறிந்து அதன் பாதி சிலிண்டர் தலைக்குள் தங்கிவிடும். அதை எடுப்பது பட்டறைக்காரரின் வேலை. சேமிப்பில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால் அதன் கம்பியை இழுக்காமல் இணைப்பைப் பிரிக்க வேண்டும்.

பழைய காஸ்கெட்டை ஒட்டுமிச்சமின்றிச் சுரண்டி, பரப்புச் சமமாக இருக்கிறதா என்று நேர்விளிம்புள்ள இரும்புச் சட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். காஸ்கெட் எப்பொழுதும் புதியதாகவே இருக்கட்டும். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி, இரண்டு மூன்று சுற்றுகளாக, வண்டியின் கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். ஒரு முறை நன்றாகச் சூடேறி ஆறியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்டால் எங்கோ வாயு கசிகிறது என்று பொருள். சென்சாருக்கு முன்னே கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அதை ஏமாற்றும். எஞ்சின் வீணே பெட்ரோலைக் குடிக்கும்.

ஓர் எச்சரிக்கையைத் தனியே சொல்ல வேண்டும். குழாய் திறந்த நிலையிலோ, கசிவு இருக்கும்போதோ மூடிய இடத்தில் எஞ்சினை ஓட்டவே கூடாது. அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துவோர் இதை மறக்கலாகாது. கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே கொண்டுபோய்விடும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் 1995ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்களைக் கொண்டு நச்சு வாயுக்களை மாற்றும் கருவி அது. கடைகளில் விற்கும் ஹெடர்ஸ் சில, இக்கருவியையே அகற்றச் செய்கின்றன. வண்டி சற்று இலேசாக மூச்சுவிடும்; தெருவிலுள்ள குழந்தைகளோ அந்த நஞ்சைச் சுவாசிக்க நேரும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அவ்வாண்டு திருத்தப்பெற்ற சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை வரம்புகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் உரிம நீக்கமும் நேரலாம். பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலை உருளையின்கீழ் இட்டு நசுக்கும் காட்சியைப் பல நகரங்களில் மக்கள் பார்த்துவிட்டார்கள்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. பிழைப்புக்காக வந்த ஊரில் நமக்குப் பரம்பரை நிலமில்லை. நற்பெயரே நம் நிலம். இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் முழங்கும் வண்டி, அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் கெடுப்பதில்லை. ‘அந்த மதராஸிக்காரர் வீடு’ என்றுதான் தெரு முழுவதும் பேசும். பரீட்சைக்குப் படிக்கும் அடுத்த வீட்டுப் பெண்ணும், நோயில் கிடக்கும் எதிர்வீட்டுப் பெரியவரும் நமக்கு அயலார் அல்லர். ஆபத்தில் முதலில் ஓடிவரப் போகிறவர்கள் அவர்களே.

ஆகவே என் முடிவு இது. தெருவில் ஓடும் வண்டிக்கு ஹெடர்ஸ் வேண்டாம். அதற்குரிய இடம் பந்தயத் திடல். நம் நாட்டில் அத்தகைய இடங்கள் இல்லாமலில்லை. 1953இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முன்பு சோழவரம் பழைய விமானத் தளத்தில் பந்தயங்கள் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் அதன் ஓடுதளம் 1990 முதல் இருக்கிறது. கோயம்புத்தூரிலும் ஓடுதளம் உண்டு. தம்பிக்கு ஆர்வம் நிலைத்தால் ஒருநாள் முறைப்படி அங்கே போய்ச் சேரட்டும்.

அதுவரை வண்டியின் பழைய மானிஃபோல்டைக் கழற்றிப் புது காஸ்கெட் இட்டு, துருவேறிய ஸ்டட்டுகளை மாற்றிப் பூட்டட்டும். கற்க வேண்டிய கைவேலை முழுவதும் அதிலேயே இருக்கிறது. ஹெடர்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டயர்களும் பிரேக் கட்டைகளும் வாங்கட்டும். வேகமாகப் போவதைவிட வேண்டிய இடத்தில் நிற்பதே வண்டிக்கு அழகு.

தந்தையாருக்கும் ஒரு சொல். ‘கூடாது’ என்று மட்டும் சொல்லிப் பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் பாய் விரித்து அருகில் அமருங்கள், விளக்கைப் பிடியுங்கள், கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுங்கள். மறுத்த சொல்லின் கசப்பு அந்த ஒரு பகலிலேயே கரைந்துவிடும்.

அடுத்த திங்கள், கோடை தொடங்குமுன் வீட்டு மின்விசிறியை எவ்வாறு பழுதுபார்ப்பது என்பதை எழுதுவேன். ஐயங்கள் இருப்பின் அன்பர்கள் சங்க முகவரிக்கு எழுதலாம்.