வீட்டு சர்வருக்கு எதற்கு இவ்வளவு பெரிய பிராசஸர்?

வீட்டில் போட்டோவும் வீடியோவும் சேர்த்து வைக்க ஒரு சர்வர் அசெம்பிள் செய்யப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வரும் அறிவுரை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "செய்வதைத் திருந்தச் செய். சர்வர் என்றால் சர்வர் பாகம்தான் போட வேண்டும். பெரிய பிராசஸர், 32 ஜிபி ரேம், அதுவும் ஈசிசி ரேம். ரெய்டு கார்டு கட்டாயம். 4கே படம் ஓட கிராபிக்ஸ் கார்டு வேண்டும். 750 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டுவிட்டால் பின்னால் கவலையே இல்லை." சென்னை ரிச்சி தெருவில் கொட்டேஷன் கேட்டாலும், விவரம் தெரிந்த நண்பரைக் கேட்டாலும் இந்தப் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. முதல்முறை வாங்குபவர் நம்பிவிடுகிறார். கேபினெட், போர்டு, பிராசஸர் எல்லாம் வாங்கி முடித்ததும் மிஞ்சும் பணத்தில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குகிறார். குடும்பத்தின் இருபது வருடப் போட்டோக்கள் அந்த ஒற்றை டிஸ்க்கில் போய் உட்காருகின்றன.

இதைத் தவறு என்று மட்டும் சொன்னால் போதாது, இது ஆபத்து. பிராசஸர் கெட்டால் கடையில் இன்னொன்று கிடைக்கும். மகள் முதன்முதலில் தவழ்ந்த வீடியோ எந்தக் கடையிலும் கிடைக்காது. பட்ஜெட் ஒன்றுதான், வேண்டாத பாகத்துக்குப் போகும் ஒவ்வோர் ஆயிரமும் இரண்டாவது பிரதிக்குப் போயிருக்க வேண்டிய ஆயிரம். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முதலில். டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை எடுத்து நெட்வொர்க்கில் அனுப்புவது இன்றைய பிராசஸர் எதற்குமே பாரமில்லை. 4கே புளூ-ரே டிஸ்க்கின் வழக்கமான உச்ச வேகமே நொடிக்கு 128 மெகாபிட். சாதாரண கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட் தாராளமாகப் போகும். அப்படியானால் அந்தத் தரத்தில் ஆறு படங்களை ஆறு அறைகளில் ஒரே நேரத்தில் பார்க்கலாம். பிராசஸர் திணறும் இடம் டிரான்ஸ்கோடிங். போனோ தொலைக்காட்சியோ ஏற்காத ஃபார்மட்டில் படம் இருந்தால், பார்க்கும்போதே சர்வர் அதை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றித் தர வேண்டும். அதை வெறும் கோர்களின் பலத்தில் செய்த காலத்தில்தான், ஒரு 1080பி படத்துக்கு பாஸ்மார்க் என்ற வேகச் சோதனையில் 2000 புள்ளி வேண்டும் என்ற கணக்கு பரவியது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்றும் ஐ7, ஐ9 என்று எழுதித் தருகிறார்கள்.

இன்டெல் 2011-லேயே குவிக் சிங்க் என்ற தனிச் சுற்றை பிராசஸருக்குள் வைத்துவிட்டது. வீடியோவைப் பிரிப்பதும் திரும்பக் கட்டுவதும் மட்டுமே அதன் வேலை. கோர்கள் ஓய்வாக இருக்கும். ஏழாம் தலைமுறை பிராசஸரிலிருந்து 10-பிட் எச்இவிசி வீடியோவையும் அதுவே கையாளுகிறது. 2023-ல் வந்த என்100 பிராசஸருக்கு நான்கே கோர், டிடிபி 6 வாட். ஒரு வீட்டின் தேவைக்கு அது போதும். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப் நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் அருமையான தொடக்கம். ஆனால் சின்ன உடம்பு மாடலாக இருந்தால் 3.5 அங்குல டிஸ்க் ஒன்றோ இரண்டோதான் உள்ளே போகும். திறந்து பார்த்துவிட்டே வாங்குங்கள். ஜெல்லிஃபின் மென்பொருளில் இந்த வன்பொருள் டிரான்ஸ்கோடிங் இலவசம். பிளெக்ஸில் அதற்குப் பணம் கட்ட வேண்டும். இவ்வளவு இருக்கும்போது தனி கிராபிக்ஸ் கார்டு எதற்கு?

டிரான்ஸ்கோடிங்கையே பெரும்பாலும் தவிர்த்துவிடலாம் என்பதையும் யாரும் சொல்வதில்லை. சப்டைட்டில் படவடிவில் இருந்தால் அதைக் காட்சியின் மேல் பதித்து அனுப்புவதற்காகவே டிரான்ஸ்கோடிங் தொடங்கிவிடும். எழுத்துவடிவ எஸ்ஆர்டி ஃபைலை வைத்தால் பெரும்பாலும் அந்த வேலையே இல்லை. 2000-களில் கேம்கார்டரின் சின்ன டிஜிட்டல் கேசட்டில் எடுத்த கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒரு மணி நேரம் சுமார் 13 ஜிபி வரும். இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில் அது ஓடாது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மாற்றுவதற்குப் பதில், ஓர் இரவு சர்வரை விட்டு எச்.264 பிரதி ஒன்று எடுத்து வைத்தால் முடிந்தது. மூல ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

பெரிய பிராசஸர்க்காரர்கள் இன்னொரு வழியும் காட்டுவார்கள்: கம்பெனிகள் கழித்த இரட்டை ஜியான் ரேக் சர்வரை மலிவாக வாங்கிப் போடச் சொல்வார்கள். விலையைப் பார்த்தால் ஆசை வரும். அது சும்மா இருக்கும்போதே 100 வாட் சாப்பிடும். 100 வாட் என்றால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். என்100 போர்டும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து 25 வாட் அளவில் நின்றால் 36 யூனிட். இடையில் இருக்கும் 108 யூனிட், தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசம் என்று 2016-ல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட்டைவிட அதிகம். கோடையில் ஏசி ஓடும் வீட்டில் 500 யூனிட்டைத் தாண்டவைத்துக் கட்டணப் படியையே மாற்றிவிடும். அதோடு அந்த விசிறிகளின் இரைச்சலைக் கூடத்தில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது.

"ஒரு டெராபைட்டுக்கு ஒரு ஜிபி ரேம்" என்பது அடுத்த வேதவாக்கு. இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைச் சுற்றி வளர்ந்த தோராயக் கணக்கு அது. பலர் ஒரே நேரத்தில் எழுதிப் படிக்கும் அலுவலகத்துக்கும், ஒரே தரவு திரும்பத் திரும்ப வந்தால் ஒன்றாக்கும் டீடூப் வசதியை இயக்குபவர்களுக்கும் ரேம் நிறைய வேண்டும்தான். வீட்டில் நடப்பது வேறு. படம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை படிக்கப்படுகிறது, அத்தோடு சரி. இசட்எஃப்எஸ் ரேமைப் பயன்படுத்துவது திரும்பக் கேட்கப்படும் தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க. திரும்பக் கேட்காத படத்துக்கு அதனால் லாபமில்லை. இசட்எஃப்எஸ்ஸை வைத்து இயங்கும் ட்ரூநாஸ் என்ற சர்வர் மென்பொருள் கேட்கும் குறைந்தபட்சமே 8 ஜிபி. 16 ஜிபி போட்டால் கூடுதலாக நாலைந்து மென்பொருளும் ஓடும். 2025 கடைசியில் ரேம் விலை எகிறிய பிறகு 16-க்கும் 32-க்கும் உள்ள வேறுபாடு ஒரு டிஸ்க்கின் விலையளவுக்கு வந்து நிற்கிறது.

ஈசிசி விஷயத்தில் எதிர்த்தரப்பின் பேச்சில் உண்மை இருக்கிறது. ரேமில் பிழை வருவது கற்பனையல்ல, அதைத் திருத்துவதுதான் ஈசிசி ரேமின் வேலை. கூகுள் சர்வர்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான கட்டுரையின்படி, ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் குறைந்தது ஒரு பிழையாவது பதிவானது. நான் மறுப்பது, ஈசிசி இல்லாவிட்டால் இசட்எஃப்எஸ் உங்கள் தரவை அழித்துவிடும் என்ற மிரட்டலை. அந்த ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மேத்யூ ஆரன்ஸ், மற்ற ஃபைல் சிஸ்டங்களைவிட இதற்கு ஈசிசி கூடுதலாகத் தேவைப்படும் காரணம் எதுவுமில்லை என்று 2014-லேயே விளக்கிவிட்டார். ஈசிசி வேண்டுமென்றால் அதை ஏற்கும் போர்டும் பிராசஸரும் தேட வேண்டும். என்100 போன்ற சிக்கனமான வழி அடைபட்டுவிடும். இரண்டுக்கும் பணம் இருந்தால் ஈசிசியையும் வாங்குங்கள். ஈசிசியா, பேக்கப் டிஸ்க்கா என்ற நிலை வந்தால் யோசிக்காமல் டிஸ்க். புது ரேமை மாட்டியதும் ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனையை ஓட்டுங்கள்; மோசமான ஸ்டிக் பெரும்பாலும் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டு. பழைய காலத்தில் பிராசஸரின் சுமையைக் குறைக்க அது தேவைப்பட்டது. இன்று நான்கு டிஸ்க்குக்கான கணக்கை எந்தப் பிராசஸரும் அலட்டிக்கொள்ளாமல் போடும். கார்டு தன் சொந்த முறையில் டிஸ்க்குகளில் எழுதுவதால், அது செத்தால் அதே இனத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். இசட்எஃப்எஸ் போன்றவை டிஸ்க்கை நேரடியாகப் பார்க்க விரும்புபவை. நடுவே கார்டு நின்றால் பிழையைக் கண்டுபிடிக்கும் அவற்றின் திறனே மங்கும். போர்டில் இருக்கும் சாட்டா போர்ட்டுகள் போதும். வாங்குமுன் மேனுவலைப் பதிவிறக்கி அடிக்குறிப்புகளைப் படியுங்கள். எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி மாட்டினால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது என்று அங்கே சின்ன எழுத்தில் இருக்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு, ரெய்டு போட்டுவிட்டால் தரவு பத்திரம் என்ற நம்பிக்கை. ரெய்டு காப்பது ஒரு டிஸ்க் கெட்டுப்போகும் நிகழ்விலிருந்து மட்டும். குழந்தை ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் பூட்டும். மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் சேர்ந்து போகும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளம் மூழ்கிய வீட்டில், ஒரே கேபினெட்டில் எத்தனை டிஸ்க் இருந்திருந்தாலும் என்ன பயன்? பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதி இன்றும் எளிமையானது: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. கார்டுக்கும் கிராபிக்ஸுக்கும் போகவிருந்த பணம் மூன்றாவது பிரதியின் பணம்.

இப்போது, உண்மையிலேயே செலவழிக்க வேண்டிய இடம்: டிஸ்க். இங்கும் ஒரு பொதுக்கருத்து ஓடுகிறது: "நாஸ் என்று லேபிளில் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்." 2020 ஏப்ரலில் அந்த நம்பிக்கை உடைந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான டிஸ்க்குகளில், வாங்குபவருக்குச் சொல்லாமலே எஸ்எம்ஆர் தொழில்நுட்பத்தைப் புகுத்தியிருந்தது அம்பலமானது. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டுக் கூரையின் ஓடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒரு தடத்தைத் திருத்த அதன்மேல் ஏறிய அக்கம்பக்கத் தடங்களையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். ஒரு டிஸ்க் செத்து, புது டிஸ்க் மாட்டி, தரவை மறுபடி நிரப்பும்போது அது தடுமாறி நின்றுவிடக்கூடும். தரவு மிக ஆபத்தில் இருக்கும் நேரம் அது. எனவே பெட்டிமேல் இருக்கும் வண்ணத்தையும் பெயரையும் விடுங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளில் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். அந்தக் காலத்து ரெட் வரிசையின் 2–6 டெராபைட் அளவில் இஎஃப்ஆர்எக்ஸ் என்று முடிந்தால் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத பழைய சிஎம்ஆர் முறை, இஎஃப்ஏஎக்ஸ் என்று முடிந்தால் எஸ்எம்ஆர். பின்னர் அந்த நிறுவனம் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தது. எந்தக் கம்பெனி டிஸ்க் ஆனாலும், அதன் விவரத்தாளில் சிஎம்ஆர் என்று இருப்பதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

"என்டர்பிரைஸ் டிஸ்க் வாங்கினால் கெடாது" என்பதற்கும் ஆதாரம் பலமாக இல்லை. ஆயிரக்கணக்கில் டிஸ்க் ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் 2013-ல் தன் கணக்கைப் பார்த்தபோது, சாதாரண டிஸ்க்கைவிட அவை குறைவாகக் கெட்டதாகத் தெரியவில்லை. ஒரு நல்ல டிஸ்க்கின் விலைக்கு நடுத்தர டிஸ்க் இரண்டு கிடைத்தால் இரண்டையே வாங்குவேன். டிஸ்க்கின் எண்ணிக்கையை வீணாகக் கூட்டவும் வேண்டாம். நான்கு 4 டெராபைட்டை விட இரண்டு 8 டெராபைட்டை மிரர் செய்வது மின்சாரத்திலும் சூட்டிலும் சத்தத்திலும் லாபம். மூன்றாவது 8 டெராபைட்டை வெளியே வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக எஸ்எம்பிஎஸ். 750 வாட் போட்டால் பாதுகாப்பு என்பது தலைகீழ்க் கணக்கு. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் ஏறக்குறைய 25 வாட் இழுக்கும். நான்கு டிஸ்க்குக்கு 100. சிறிய பிராசஸரையும் சேர்த்தால் நல்ல கம்பெனியின் 300 முதல் 450 வாட் வரை தாராளம். 80 பிளஸ் கோல்டு முத்திரைக்கான சோதனை தொடங்குவதே 20 சதவீத சுமையில். 750-க்கு அது 150 வாட். உங்கள் சர்வர் 30 வாட்டில் கிடக்கும்போது அந்த முத்திரை எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை.

வாட்டைவிடக் கேபிளைக் கவனியுங்கள். சாட்டா பவர் தலை போதவில்லை என்று மோலெக்ஸிலிருந்து மாற்றும் கேபிள் ஒன்றை மலிவாகத் தருவார்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கை ஒரே கட்டியாக வார்த்த தலையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே கம்பிகள் நெருங்கிக் கிடந்து, நாளடைவில் ஷார்ட் ஆகி உருகித் தீப்பிடிக்கலாம். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே அழுத்திப் பொருத்தியிருப்பது கண்ணுக்குத் தெரியும் தலைதான் நல்லது. வெளி டிஸ்க் ஒன்றைக் கழற்றி உள்ளே மாட்டி, அது சுழலவே இல்லையென்றால் டிஸ்க் கெட்டதாக நினைத்துவிடாதீர்கள். சிலவற்றில் பவர் இணைப்பின் மூன்றாவது பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். அந்தப் பின்மேல் மெல்லிய கேப்டன் டேப் ஒட்டினால் ஓடும்.

"பின்னால் தேவைப்படும்" என்று சொல்லி எதையும் இன்று பெரிதாக வாங்க வேண்டாம். போர்டும் பிராசஸரும் போதாமல் போனால் டிஸ்க்குகளைக் கழற்றி வேறு போர்டில் மாட்டிக்கொள்ளலாம். இசட்எஃப்எஸ் அங்கே அவற்றை அடையாளம் கண்டுகொள்ளும். மிச்சமான பணத்தில், கரன்ட் போனதும் சர்வருக்கு யுஎஸ்பி வழியாகச் செய்தி சொல்லும் யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். மூன்றாவது டிஸ்க்கில் பிரதி எடுத்து, அக்கா வீட்டிலோ ஊரில் அம்மாவிடமோ கொடுத்துவிடுங்கள். கேசட்டுகளைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அந்த டிஸ்க்கை ஒருமுறை திரும்ப வாங்கி வாருங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, கல்யாண வீடியோ தொடக்கம் முதல் கடைசிவரை ஓடுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள்.