துண்டு துண்டாய் விற்கும் கமரா நமக்கு எதற்கு?

ரிக்கோ ஜி.எக்ஸ்.ஆர் கமராவை நம்ம வட்டத்தின் பொதுப் பணத்தில் வாங்கக் கூடாது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இனிக் காரணங்கள்.

ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை தோட்டங்களைப் படம்பிடித்து ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவெடுத்தோம். லயங்கள், பெரட்டுக்களம், கொழுந்து மடுவம், கிழவிகளின் கைகள், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பழைய காகிதங்கள். நல்ல திட்டம். காசும் கொஞ்சம் சேர்கிறது. ஆனால் "எந்தக் கமரா?" என்ற கேள்வி வந்ததும் நாலைந்து பேர் ஒரே குரலில் ஜி.எக்ஸ்.ஆர் என்கிறார்கள். இன்டர்நெட்டில் வாசித்த விமர்சனங்களை மனப்பாடமாய் ஒப்பிக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் என் நெருங்கிய நண்பர்கள். கோபிக்க வேண்டாம் மச்சான், படித்துவிட்டுச் சண்டைக்கு வாங்க.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2009 நவம்பர் 10ஆம் திகதி ரிக்கோ கம்பனி இதை அறிவித்தது. வழக்கமாக லென்ஸ் மாற்றும் கமராக்களில் லென்ஸ் மட்டும்தான் கழன்று வரும். ஒளியைப் படமாக மாற்றும் சென்சர் கமராவின் உடலுக்குள்ளேயே இருக்கும். ஜி.எக்ஸ்.ஆர் அப்படியில்லை. லென்ஸ், சென்சர், படத்தைச் செயலாக்கும் சிப் எல்லாம் ஒரே பெட்டிக்குள் மூடி ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு 'யூனிட்' என்று பெயர். அந்தப் பெட்டியை உடலில் லாச்சி தள்ளுவது போலத் தள்ளிப் பூட்ட வேண்டும். வேறு மாதிரிப் படம் வேண்டுமா, வேறு பெட்டி. முதலில் இரண்டு யூனிட் வந்தன. ஏ12 என்பது 50 மி.மீ. பார்வைக்குச் சமமான மெக்ரோ லென்ஸும், பெரிய டி.எஸ்.எல்.ஆர் கமராக்களில் இருக்கும் ஏ.பி.எஸ்-சி அளவுச் சென்சரும் சேர்ந்தது. எஸ்10 என்பது 24 முதல் 72 மி.மீ. வரையான சூம் லென்ஸோடு ஒரு சின்னச் சென்சர். 2010 பெப்ரவரியில் 28-300 மி.மீ. சூம் கொண்ட பி10 அறிவிக்கப்பட்டது. அதன் சென்சர் இன்னும் சின்னது.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் "இவளுக்குப் பொறாமை" என்று கதையை முடித்துவிடுவீர்கள். மூடிய பெட்டி என்பதால் லென்ஸ் மாற்றும்போது சென்சரில் தூசு விழாது. கொழுந்து மலையில் காற்றும் சாரலும் அடிக்கிற நேரத்தில் இது சின்ன விஷயமில்லை. ஒவ்வொரு லென்ஸுக்கும் பொருத்தமான சென்சரை எஞ்சினியர்மார் தேர்ந்து வைக்கலாம். உடல் மெக்னீசியக் கலவையில் செய்த உறுதியான சாமான். ஆள் பார்க்க அடக்கமாகவும் இருக்கிறது. பெரிய கமராவைக் கண்டால் நம்ம ஆட்கள் அட்டென்ஷனில் நிற்பது போல விறைத்துப் போவார்கள், இதற்கு அந்தப் பயம் இருக்காது. இதெல்லாம் உண்மை. ஏ12 எடுக்கும் படங்கள் அழகு என்பதையும் மறுக்கவில்லை.

இப்போது இந்த அழகான சாமானை ஒரு லயக் காம்பராவுக்குள் கொண்டு போவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு எதிர்ச் சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைப் படம்பிடிக்க வேண்டும். பத்தடி தூரத்தில் 50 மி.மீ. பார்வை காட்டும் அகலம் ஏறக்குறைய ஏழடி. அப்பா, அம்மா, ஆச்சி, மூன்று பிள்ளைகள், சாமிப்படத் தட்டு, மூலையில் அடுக்கிய பாத்திரம் எல்லாம் அந்த ஏழடிக்குள் வராது. யாரையாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, எஸ்10ஐப் போடு என்பீர்கள். 24 மி.மீ. என்றால் காம்பரா முழுதும் வரும். ஆனால் அதன் சென்சரின் பரப்பு ஏ12இன் சென்சரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. காம்பராவுக்குள் வெளிச்சம் எவ்வளவு? ஒரு பல்பு, ஒரு சின்ன ஜன்னல், அடுப்புப் புகை படிந்த சுவர். அந்த இருட்டில்தான் பெரிய சென்சர் வேண்டும். அகலமான லென்ஸும் அதே இடத்தில்தான் வேண்டும். இரண்டும் ரிக்கோவிடம் உண்டு, ஆனால் வேறு வேறு பெட்டிக்குள். அந்த லென்ஸை இந்தச் சென்சருக்கு முன்னால் வைக்க வழியே இல்லை. விரும்பியபடி மாற்றலாம் என்று விற்கும் கமராவில், நமக்கு அவசியமான ஒரே மாற்றம் முடியாது. 28 மி.மீ. லென்ஸோடு பெரிய சென்சர் யூனிட் ஒன்றையும் ரிக்கோ பின்னர் கொண்டுவந்தது. அதை வாங்கினால், லென்ஸுக்காக இன்னொரு பெரிய சென்சருக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும்.

அடுத்தது ஆயுள். லென்ஸ் கண்ணாடி. ஒழுங்காக வைத்திருந்தால் முப்பது நாற்பது வருடம் உழைக்கும். நிக்கோன் 1959இல் கொண்டுவந்த லென்ஸ் பூட்டும் முறை இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது, பென்டக்ஸ் 1975இல் கொண்டுவந்ததும் அப்படித்தான். சென்சர் எலெக்ட்ரோனிக் சாமான். நாலைந்து வருடத்தில் அதைவிட நல்லது, அதைவிட மலிவாக வந்துவிடும். நீண்ட காலம் உழைப்பதையும் சீக்கிரம் பழசாவதையும் பிரிக்க முடியாமல் கட்டிப்போட்டால், ஒன்று பழசாகும்போது மற்றதையும் சேர்த்துத்தான் தூக்கிப் போட வேண்டும். ஃபிலிம் காலத்தில் இது நேர்மாறாக இருந்தது. கமராவும் லென்ஸும் நின்றன, ஃபிலிம் ரோல்தான் மாறியது. அதாவது அந்தக் காலத்துச் 'சென்சர்' சில நூறு ரூபாவுக்கு டவுன் ஸ்டூடியோவில் கிடைத்தது.

நம்ம ஊர் ஈரத்தையும் மறக்க வேண்டாம். லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது மலையகத்தில் கமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மற்றக் கமராவில் லென்ஸ் மட்டும் போகும். இதில் லென்ஸோடு சென்சரும் சிப்பும் போகும்.

இனிக் காசு. 2009இல் அமெரிக்காவில் அறிவித்த விலை இது: உடல் 550 டொலர், ஏ12 830 டொலர், எஸ்10 440 டொலர். முதலாவதைக் கவனியுங்கள். யூனிட் இல்லாத உடல் ஒரு படமும் எடுக்காது. அதில் இருப்பது திரை, பொத்தான்கள், ஃபிளாஷ், பற்றரி, மெமரி கார்ட் போடும் இடம். 550 டொலர் கொடுத்து வாங்குவது ரிக்கோவின் கடைக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு. தோட்டத்தில் முற்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்ட கதை நமக்குப் புதிதல்ல. கடனை எழுதிய துண்டோடு நம்ம பாட்டன் பூட்டன்மார் தோட்டம் மாறிய அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது. இங்கே நாமே கம்பனிக்கு முற்பணம் கொடுத்து நம்மைக் கட்டிப்போடச் சொல்கிறோம். ரிக்கோ யூனிட் செய்வதை நிறுத்தியும்விட்டது, இனி அந்த உடலை என்ன செய்வது? வேறு எந்தக் கம்பனியின் லென்ஸும் அந்த உடலில் நேரடியாக ஏறாது.

உடலும் ஏ12உம் சேர்த்து 1,380 டொலர். 2010இல் இருந்தது போல டொலருக்கு 113 ரூபா வைத்தால் வரி, சுங்கம் எல்லாவற்றுக்கும் முன்னால் சுமார் 156,000 ரூபா. 2009 செப்டெம்பரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் அடிப்படை 285 ரூபாவாக இருந்தது. வருகைக்கான கொடுப்பனவு எல்லாம் சேர்ந்து அப்போது 405. அந்த முழுச் சம்பளமே கிடைத்தாலும் 385 பேர் போட வேண்டியிருந்தது. மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் பதினைந்து மாதத்துக்கு மேல், ஒரு வேளை சாப்பிடாமல். நம்ம உண்டியலில் விழுந்த காசில் பாதி அம்மாமார் கொடுத்தது. அவர்கள் மலையில் நின்ற நாட்களைத்தான் நாம் செலவழிக்கப் போகிறோம்.

அதே காசுக்கு வேறு என்ன கிடைத்தது? நிக்கோன் டி3000, 18-55 லென்ஸோடு, 2009இல் 600 டொலர். அதே ஏ.பி.எஸ்-சி அளவுச் சென்சர். அகலமான முனையில் 27 மி.மீ. பார்வை, பத்தடியில் பதின்மூன்று அடிச் சுவர் தெரியும். காம்பரா மொத்தமும் வரும். உடலோடு எஸ்10 வாங்கினால் 990 டொலர். அதே அளவுச் சென்சர் உள்ள கனன் ஜி11 2009இல் 500 டொலர்தான். இந்தக் கணக்குக்கு எந்த விமர்சனமும் பதில் சொல்லவில்லை.

"படத்தின் தரம்தான் முக்கியம், காசைப் பார்த்தால் கலை வராது" என்று ஒரு வாதம் கேட்டேன். தரமான கமராவுக்கு நம்ம நாட்டில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரட் கமரனின் கல்லறை இருக்கிறது. உலகப் புகைப்பட வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் டிக்கோயாவில் இறந்தார். களுத்துறையில் இருந்தபோது ஊர் மக்களையும் தொழிலாளர்களையும் படம்பிடித்தார். தரத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் 1877இல் அவரைப் பார்க்க வந்த ஆங்கில ஓவியர் மரியன் நோர்த்தின் படத்துக்குக் கீழே பெயர் இருக்கிறது. நம்மைப் போன்றவர்களின் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் பெயர் இல்லை. அதற்குப் பிறகு தேயிலைப் பெட்டி, தபாலட்டை, சுற்றுலாக் காலண்டர் என்று கூடை சுமந்த பெண் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். அவள் யார், அந்தப் படத்தில் ஒரு பிரதியாவது அவள் வீட்டுக்குப் போனதா என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் குறைந்தது நல்ல கமரா அல்ல. கமரா எப்போதும் வெளியாளின் கையில் இருந்தது, அதுதான் குறை.

1,380 டொலருக்கு ஒரே ஒரு கமரா வாங்கினால் அது யார் கையில் இருக்கும்? பழக்கப்பட்ட ஒரு ஆணின் கையில். "கவனம், கீழே போடாதே" என்ற பயத்தில் வேறு யாரும் தொட மாட்டார்கள். கொழுந்தெடுக்கும் அக்காவின் கைக்கு அது ஒருநாளும் போகாது.

ஆகவே என் யோசனை இது. ஒரு டி3000. அதோடு 150 டொலர் மட்டில் கிடைக்கும் சாதாரணக் குட்டிக் கமரா நாலு. மொத்தம் 1,200. மிச்சம் 180 டொலருக்குப் படம் கழுவுவோம். குட்டிக் கமராக்களைத் தோட்டத்துக்கு ஒன்றாக ஒரு மாதத்துக்குக் கொடுப்போம், பெண்களிடமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும். படம் மங்கும், ஆடும், விரல் விழும். பரவாயில்லை, அவர்களுக்கு எது பார்க்கத் தகுந்தது என்று அப்போதாவது தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, எடுத்தவர் பெயரும் படத்தில் இருப்பவர் பெயரும், அவர்கள் சம்மதித்தால். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி, கண்காட்சிக்கு முன்னாலேயே.

இதைவிட நல்ல யோசனை இருந்தால் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள், கேட்கிறேன். ஜி.எக்ஸ்.ஆர்தான் வேண்டும் என்பவர்கள் மட்டும் வரும் வழியில் ஏதாவது ஒரு லயக் காம்பராவுக்குள் போய், முதுகைச் சுவரில் வைத்து, எதிரே ஏழடி அளந்து பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஏழடிக்கு வெளியே யாரை விடுவது என்று கூட்டத்தில் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்.