ட்ரோன் மலையைப் பார்க்கும், லயத்தை யார் பார்ப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கடந்து போகலாம், கோபிக்க மாட்டேன்.

டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு என் முகநூல் முழுக்க இரண்டு வகை ஆட்கள். ஒரு வகையினர், "ட்ரோனும் லைடாரும் செய்மதியும் இருக்கிற காலத்தில் இதை முதலே கண்டுபிடிக்க ஏலாதா?" என்று கேட்கிறார்கள். மற்றவர்கள், "அந்தச் சனம் சொன்னாலும் எழும்பாது, எழும்பியிருந்தால் தப்பியிருக்கும்" என்கிறார்கள். முதலாவது கேள்வி. பதில் சொல்லலாம். இரண்டாவது பழி.

நான் உடுப்பிட்டியில் படிப்பிக்கிறேன். இங்கே பிள்ளைகளுக்கு உயரம் என்றால் பனையும் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான். சமவுயரக் கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு செங்குத்து என்று எழுதிப் புள்ளி எடுத்துவிடுவார்கள். அந்தக் கோடுகளுக்கு நடுவில் ஆட்கள் சோறு சமைத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்பது பாடத்தில் இல்லை. பெரியவர்களுக்கும் தெரியாது என்பதை உங்கள் பின்னூட்டங்களைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

முதலில் கருவியைப் பற்றி. ட்ரோனிலோ விமானத்திலோ பொருத்திய லைடார், செக்கனுக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பும். இலைகளுக்கு இடையிலுள்ள சின்னச் சின்ன இடைவெளிகளால் போய் நிலத்தைத் தொட்டுத் திரும்புகிற ஒளியை மட்டும் பிரித்தெடுத்தால், காடு கழன்று மலையின் வெற்றுடம்பு தெரியும். பாறையில் எங்கே வெடிப்பு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளக்கலாம். சில மாதம் கழித்து மறுபடி அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் எந்தத் துண்டு முன்னே நகர்ந்திருக்கிறது என்று பிடிக்கலாம். அது கழன்றால் எந்த வழியால் உருளும், எங்கே துள்ளும், எந்தக் கூரையில் வந்து நிற்கும் என்றும் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். செய்மதி ராடார் மில்லிமீற்றர் அசைவையும் காட்டும். ஆனால் அடர்ந்த பச்சையிலும் செங்குத்துச் சரிவின் நிழலிலும் அது தடுமாறும். நம் மலைநாடு முழுக்க அதுதானே.

இவற்றில் எதுவும் நாளைக் காலை இத்தனை மணிக்கு விழும் என்று சொல்லாது.

பாறைச்சரிவில் இது இன்னும் கடினம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை வைத்து எச்சரிக்கை விடுகிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். மண் நனைந்து வழுக்குகிற சரிவுக்கு இது பொருந்தும். பாறை அப்படி அல்ல. வருடக்கணக்காக வெடிப்புக்குள் வேரும் நீரும் வேலை செய்து, மழைமானி பெரிதாக ஒன்றும் சொல்லாத நாளிலும் கழன்று வரும். டித்வாவுக்குச் சில நாட்கள் முன்னர், 2025 நவம்பர் 22 காலை, பஹல கடுகண்ணாவையில் கொழும்பு - கண்டி வீதியோரக் கடையின் மேல் பாறையும் மண்ணும் விழுந்து ஆறு பேர் மௌத்தானார்கள். 1820களில் ஆங்கிலேயர் மலையைக் குடைந்து வெட்டிய வீதி அது. வெட்டிய சரிவுகளுக்குக் கீழே எத்தனை தேத்தண்ணிக் கடைகள் என்று அந்த வழியால் போனவர்களுக்குத் தெரியும். அங்கே லைடார் கட்டாயம் வேண்டும். வாங்குங்கள், பறக்கவிடுங்கள், நான் கைதட்டுகிறேன்.

ஆனால் மீரியபெத்தைக்கு லைடார் தேவைப்படவில்லை. அங்கே ஆபத்து என்று 2005இலேயே சொல்லிவிட்டார்கள். 2011இலும் சொன்னார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தையில் மலை இறங்கியபோது சனம் அதே லயத்தில்தான் இருந்தது. எத்தனை பேர் புதைந்தார்கள் என்ற கணக்கே அன்று ஆளுக்கு ஆள் மாறியது. ஒன்பது வருட எச்சரிக்கை! எந்த ட்ரோன் இதைவிட முன்கூட்டிச் சொல்லும்?

சுவிற்சர்லாந்தில் பிளாட்டன் என்றொரு கிராமம். மேலே பாறை அசைகிறது என்று கண்டு, 2025 மே 19 அன்று அங்கிருந்த சுமார் 300 பேரையும் வெளியேற்றினார்கள். மே 28 அன்று பனியாறும் பாறையும் சேர்ந்து வந்து கிராமத்தின் பெரும்பகுதியை மூடின. பலியானவர் ஒருவர்தான். கருவியின் வெற்றி என்று எல்லோரும் பகிர்ந்தீர்கள். அங்கே பலரின் வீடும் காணியும் அவர்கள் பெயரில் இருந்ததை யாரும் பகிரவில்லை. லயத்துக்காரருக்கு வீடு கம்பனியுடையது, நிலம் அரசுடையது, வேலை விட்டால் கூரையும் போகும். அவரிடம் "எழும்பு" என்றால் எங்கே எழும்புவது? மாதக்கணக்கில் பாடசாலை மண்டபத்திலா?

போதாக்குறைக்கு, எச்சரிக்கை தமிழில் பிந்தி வந்தது, வரவே இல்லை என்ற முறைப்பாடு டித்வா நாட்களில் பரவலாக எழுந்தது. படிக்க முடியாத எச்சரிக்கையை மதிக்கவில்லை என்று பழி வேறு.

"எல்லாம் கத்ர்" என்று எழுதிய சகோதரருக்கு ஒன்று மட்டும்: ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

"அவர்கள் இங்கே வந்துவிடட்டுமே" என்று இன்னொருவர். நல்ல மனது. 1977லும் 1983லும் அடிபட்டு வன்னிக்கு வந்த மலையகச் சனத்துக்கு நாம் என்ன மரியாதை கொடுத்தோம் என்று கிளிநொச்சியில் கேட்டுவிட்டு வாருங்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். என் உம்மா வாப்பாவும் அதில் போனவர்கள். நான் பிறந்தது புத்தளத்து ஓலைக் குடிசையில். வெளியேற இரண்டு மணித்தியாலம் போதும். திரும்பி வந்து ஒரு துண்டுக் காணிக்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்த வருடங்களை எங்கள் வீட்டில் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆகவே "போக மறுத்தார்கள்" என்ற சொல்லை என் பதிவின் கீழ் எழுத வேண்டாம், அழித்துவிடுவேன்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு தோட்டத்தின் ஆபத்து வரைபடத்தையும் பிரட்டுக்களத்தில் தமிழில் ஒட்டுங்கள். சிவப்பு அடித்த ஒவ்வொரு லயத்துக்கும் நேரே, மாற்றுக் காணி எங்கே, எத்தனை பேர்ச், உறுதி யார் பெயரில் என்று எழுதுங்கள். இந்த வேலைக்கு லேசர் தேவையில்லை, ஒரு எழுதுவினைஞர் போதும்.

பதுளை, கண்டி, மாத்தளை, நுவரெலியாவில் இருந்து இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களே, உங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறதா, எந்த மொழியில் என்று கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள்.