கடல் அழித்த ஊரைக் கணக்கு மீட்ட கதை



ஒரு கடலோர நகரத்தைப் புயல் தாக்கினால் முதல் வாரத்தில் உலகமே அந்நகரைப் பற்றிப் பேசுகிறது. உணவுப் பொட்டலங்கள் வருகின்றன, உடைகள் வருகின்றன, தலைவர்கள் வந்து ஆறுதல் கூறிச் செல்கின்றனர். மூன்றாம் மாதத்தில் வந்தவர்கள் அனைவரும் போய்விடுகின்றனர். அப்போது எஞ்சி நிற்பது ஒரேயொரு கேள்விதான்: இடிந்ததைத் திரும்பக் கட்டும் செலவை ஏற்பவர் யார்?

வீடு இருந்தால் வீட்டு வரி வரும். கடை இருந்தால் தொழில் வரி வரும். இரண்டும் கடலோடு போன பின்பு நகராட்சியின் வரவு வற்றிவிடுகிறது. சாலை, குடிநீர், சாக்கடை, மருத்துவமனை என்று செலவோ பன்மடங்காகப் பெருகுகிறது. குடும்பத் தலைவர் வேலையிழந்த மாதத்திலேயே வீட்டின் கூரையும் இடிந்து விழுந்தாற்போன்ற நிலைமை இது. இந்நிலையிலிருந்து மீண்டெழுந்த ஒரு நகரத்தின் வரலாற்றை இம்மாதம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதன் பெயர் கால்வெஸ்டன். அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி, நீண்டு குறுகிய ஒரு மணல் தீவின் மீது அமைந்த ஊர் அது.

தள்ளிப்போட்ட சுவர்

1900ஆம் ஆண்டில் கால்வெஸ்டனின் மக்கள் தொகை 37,789. பருத்தி ஏற்றுமதியில் பெயர் பெற்ற துறைமுகம். வங்கிகளும் வணிக மாளிகைகளும் நிறைந்த கடைத்தெரு. செல்வம் கொழித்த குடும்பங்கள். குறை ஒன்றே ஒன்றுதான். அந்நகரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடியைத் தாண்டவில்லை.

எச்சரிக்கை வராமலும் இல்லை. அதே கடற்கரையில் தென்மேற்கே இருந்த இண்டியனோலா என்னும் துறைமுகத்தைப் புயல் 1875ல் ஒருமுறை அழித்தது. மக்கள் திரும்ப வந்து கட்டினார்கள். 1886ல் மீண்டும் அழித்தது. அத்துடன் அவ்வூரே கைவிடப்பட்டது. அதைக் கண்டு கால்வெஸ்டனிலும் கடற்சுவர் வேண்டுமென்ற பேச்சு எழுந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அச்சம் தணிந்தது. செலவைப் பற்றிய கணக்கு மட்டும் மனத்தில் நின்றது. வானிலைத் துறையின் உள்ளூர் அதிகாரியாக இருந்த ஐசக் கிளைன் என்பவர், பெரும் புயலால் இந்நகருக்கு ஆபத்து என்று எண்ணுவது வீண் அச்சம் என 1891ல் நாளிதழில் எழுதினார். சுவர் எழவில்லை.

1900 செப்டம்பர் 8ஆம் நாள் புயல் வந்தது. பதினைந்து அடிக்கும் மேலாகக் கடல் எழுந்து தீவு முழுவதையும் மூடியது. ஏறத்தாழ 3,600 வீடுகள் தரைமட்டமாயின. மாண்டவர் தொகை 6,000 முதல் 12,000 வரை எனப் பலவாறாக மதிப்பிடப்படுகிறது. 8,000 என்பதே பெரும்பாலோர் கூறும் எண்ணிக்கை. அமெரிக்க வரலாற்றில் இயற்கைச் சீற்றத்தால் நேர்ந்த உயிரிழப்புகளில் இதுவே இன்றளவும் மிகப் பெரியது. வீண் அச்சம் என்று எழுதிய அதிகாரியின் மனைவியும் அன்றிரவு மாண்டவர்களுள் ஒருவர். சுவருக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்திய ஊர், அதற்கு ஈடாக எதைக் கொடுத்தது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்!

கஜானா காலி

உதவிகள் வந்தன. 78 வயதான கிளாரா பார்ட்டன் அம்மையார் செஞ்சிலுவைச் சங்கத்தினரை அழைத்துக்கொண்டு நேரில் வந்து சேர்ந்தார். உணவும் உடையும் வழங்கியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நிலத்தை இழந்து தவித்த சுற்றுவட்டார விவசாயிகளுக்கு ஸ்ட்ராபெர்ரிச் செடிகளை இலட்சக்கணக்கில் தருவித்துக் கொடுத்தார்கள். ஒரு வேளைச் சோறு அன்றைக்கே தீர்ந்துவிடும். நட்ட செடியோ அடுத்த பருவத்தில் கையில் காசாகும். உதவி செய்வோர் மனத்திற் கொள்ளத்தக்க பாடம் இது.

ஆனால் நகராட்சியின் கணக்கேட்டைத் திறந்தவர்கள் திகைத்துப் போனார்கள். புயலுக்கு முன்பே நகராட்சி வரவுக்கு மீறிச் செலவழித்து வந்தது. அன்றாடச் செலவுக்கே கடன் பத்திரம் வெளியிடும் வழக்கமும் இருந்தது. இப்போது வரி வருவாயும் போயிற்று. வாங்கிய கடனுக்கு வட்டி கொடுக்கவும் வழியில்லை.

1901ல் நகரின் நிர்வாக முறையையே மாற்றினார்கள். பழைய நகரசபைக்குப் பதிலாக ஐவர் கொண்ட ஆணையம் அமைந்தது. நிதி, காவல், நீர் வழங்கல் என ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஆணையர் பொறுப்பு. எந்தக் காசு எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் சொல்ல இன்னார் என்று ஓர் ஆள் இருந்தார். நிதித் துறையை ஏற்றவர் கெம்ப்னர் என்னும் இளம் வணிகர். வீண் செலவுகள் வெட்டப்பட்டன. கடன் கொடுத்தவர்களிடம் நிலைமையை எடுத்துரைத்து, சில ஆண்டுகளுக்குக் குறைந்த வட்டியை ஏற்கச் செய்தார்கள். பொதுப் பணம் அமானிதம் என்பதைப் பேச்சில் சொல்வது எளிது. கணக்கேட்டில் காட்டுவதே அரிது. இம்முறையை அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான நகரங்கள் பின்னர் பின்பற்றின.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஐவரில் மூவரை மாநில ஆளுநர் நியமிப்பது என்றுதான் தொடக்கத்தில் சட்டம் செய்தார்கள். மக்கள் தேர்ந்தெடுக்காதவர்கள் ஊரை ஆளலாகாது என்று நீதிமன்றம் மறுத்த பிறகே, 1903 முதல் ஐவரும் தேர்தல் வழியாக வந்தனர். அப்போதும் வட்டாரவாரியான உறுப்பினர்கள் இல்லாமையால் உழைப்பாளிகளின் தெருக்களுக்கும் கறுப்பின மக்களின் தெருக்களுக்கும் தனிக்குரல் இல்லாது போயிற்று. சிக்கனத்திற்காக ஊர் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று.

மூவர் பகிர்ந்த சுமை

அடுத்து எழுந்தது பாதுகாப்பு பற்றிய கேள்வி. பொறியாளர் மூவர் கொண்ட குழு ஆராய்ந்து இரண்டு பரிந்துரைகளைச் செய்தது. கடலை நோக்கி 17 அடி உயரத்தில் கற்காரைச் சுவர் எழுப்ப வேண்டும். அதன் பின்னால் ஊரின் தரைமட்டத்தையே உயர்த்த வேண்டும். குழுவின் தலைவர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட். உலகெங்கும் கூட்ட நடைமுறைக்கு வழிகாட்டியாக விளங்கும் விதிநூலை எழுதிய அதே ராபர்ட்தான் இவர்.

திட்டம் நன்று, பணத்துக்கு எங்கே போவது? மூவர் சுமையைப் பகிர்ந்துகொண்டனர். முதலாவது, கால்வெஸ்டன் மாவட்டம். சுவருக்காக 15 இலட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட மக்கள் வாக்களித்தார்கள். அழிந்த ஊரின் பத்திரத்தை வெளியூர்ப் பணக்காரர்கள் வாங்கத் தயங்கினர். உள்ளூர் மக்களே பெரும்பகுதியை வாங்கினார்கள். வீடு இழந்தவர்களும் உறவினரைப் புதைத்தவர்களும் எஞ்சிய சேமிப்பைத் தம் ஊரின் மீது நம்பி வைத்தார்கள்.

இரண்டாவது, மாநில அரசு. கால்வெஸ்டனிலிருந்து தனக்கு வரவேண்டிய வரியைப் பல ஆண்டுகள் விட்டுக்கொடுத்தது. அந்தப் பணத்தைக் கொண்டே தரை உயர்த்தும் பணிக்கு நகராட்சி வாங்கிய கடனை அடைக்க வழி பிறந்தது. மூன்றாவது, வீட்டுக்காரர்கள். தெருவில் மணல் நிரப்பும் செலவு நகராட்சியுடையது. அவரவர் வீட்டைத் தூக்கி நிறுத்தும் செலவு அவரவருடையது.

ஊரையே தூக்கினார்கள்

1902ல் தொடங்கிய சுவர், 1904ல் மூன்று மைலுக்கும் மேலான நீளத்தில் நிறைவு பெற்றது. அதன்பின் நடந்ததே பெரும் வியப்பு. ஊருக்குள் அகன்ற கால்வாய் ஒன்றை வெட்டினார்கள். தூர்வாரும் கப்பல்கள் கடலடி மணலை வாரிக்கொண்டு அக்கால்வாய் வழியே ஊருக்குள் வந்து, நீரும் மணலுமான குழம்பைக் குழாய்கள் மூலம் தெருத்தெருவாக இறைத்தன. நீர் வடிந்தது, மணல் தங்கியது.

அதற்கு முன்பாகவே கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளின் மீது ஏற்றி, அங்குலம் அங்குலமாக உயர்த்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் அதிகமான கட்டடங்கள் இவ்வாறு உயர்ந்தன. 3,000 டன் எடையுள்ள ஒரு செங்கல் தேவாலயம்கூட ஐந்தடி மேலே தூக்கப்பட்டது. வீட்டோடு சேர்த்துத் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், டிராம் தண்டவாளம், வேலி, கழிப்பிடம் அனைத்தையும் உயர்த்த வேண்டியிருந்தது. உயர்த்த இயலாதவர்கள் கீழ்த்தளத்தை மணலுக்கு விட்டுக்கொடுத்தார்கள். பாதி புதையுண்ட இரும்பு வேலிகளைச் சில பழைய மாளிகைகளின் முன் இன்றும் காணலாம்.

மரங்களும் தோட்டங்களும் உப்பு மணலில் மடிந்தன. பெண்கள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தரைக்கு மேல் பல அடி உயரத்தில் கட்டிய மரப்பாலங்களின் மீது நடந்து கடைக்குச் சென்றார்கள். ஓரிரு மாதமல்ல, 1911 வரை இப்பணி நீடித்தது.

அதன் பலனுக்கு நெடுநாள் காத்திருக்க நேரவில்லை. 1915 ஆகஸ்டில் ஏறத்தாழ அதே வலிமையுள்ள மற்றொரு புயல் தாக்கியது. சுவர் நின்றது. பதினைந்தாண்டுகளுக்கு முன் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்த ஊரில், சுவரின் பின்னால் உயிரிழந்தவர்கள் மிகச் சிலரே. செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் அன்றே கணக்குத் தீர்ந்தது எனலாம்.

சுவரால் தடுக்க முடியாதவை

வாசகர்களே, கதை இத்துடன் முடிந்திருந்தால் இதைப் பாராட்டுரையாகவே எழுதியிருப்பேன். கால்வெஸ்டன் உயிரைக் காத்துக்கொண்டது. பழைய செல்வத்தைக் காத்துக்கொள்ள இயலவில்லை. 1901 ஜனவரியில் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது. புதிய பணம், உள்நாட்டு நகரமான ஹூஸ்டனை நாடிச் சென்றது. 1914ல் ஹூஸ்டன் வரை ஆழ்கடல் கப்பல்கள் செல்லும் கால்வாய் திறக்கப்பட்டது. 1900க்கும் 1910க்கும் இடையில் ஹூஸ்டனின் மக்கள் தொகை 44,633லிருந்து 78,800 ஆயிற்று. கால்வெஸ்டனின் மக்கள் தொகை 36,981ஆகக் குறைந்தது. ஓர் ஊர் மீள்வதற்குப் பத்தாண்டுகள் பாடுபடும்போது, அதன் வாடிக்கையாளர்கள் பத்தாண்டுகள் காத்திருப்பதில்லை.

2008 செப்டம்பர் 13ஆம் நாள் ஐக் என்னும் புயல் வந்தது. முகப்பில் சுவர் கம்பீரமாக நின்றது. ஆனால் தீவின் பின்புறம் விரிகுடாவின் நீர் ஏறி ஊருக்குள் புகுந்தது. பூட்டிய முன்வாசலை விட்டுவிட்டுத் திறந்த கொல்லை வழியே கடல் வந்தது. பெரும்பாலான வீடுகள் சேதமடைந்தன.

இம்முறை பணம் வரும் வழிகள் பலவாக இருந்தன. அவற்றில் சிக்கல்களும் பலவாக இருந்தன. காற்றால் நேரும் சேதத்துக்கு ஒரு காப்பீடு, வெள்ளத்தால் நேரும் சேதத்துக்கு வேறொரு காப்பீடு. அடித்தளம் மட்டுமே எஞ்சிய வீட்டைக் கொண்டுபோனது காற்றா, நீரா? இக்கேள்வியின் மீது வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. மத்திய அரசின் பேரிடர் நிதியோ பெரும்பாலும் செலவுக்குப் பின் வருவது. நகராட்சி முதலில் தன் பணத்தைச் செலவழித்து, ரசீது காட்டிப் பெறவேண்டும். கையில் பணமில்லாத ஊர் முதலில் செலவழிப்பது எங்ஙனம்?

ஊருக்கே பெரிய வேலைவாய்ப்பாக விளங்கிய மருத்துவப் பல்கலைக்கழகம் வெள்ளத்தால் முடங்கி ஆயிரக்கணக்கான ஊழியர்களை நீக்கியது. 2009ல் மாநிலச் சட்டமன்றம் நிதி ஒதுக்கியதால் நிமிர்ந்தது. ஏழைகள் குடியிருந்த 569 அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அவற்றைத் திரும்பக் கட்டலாமா, கட்டலாகாதா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் ஊரைப் பிளந்தது. சொந்த வீட்டுக்காரருக்குக் காப்பீடு இருந்தது. வாடகைக் குடித்தனக்காரர் எதைக் காட்டிப் பணம் கேட்பார்? 2000ல் 57,247 ஆக இருந்த மக்கள் தொகை 2010ல் 47,743. போனவர்களில் பலர் விருப்பப்பட்டுப் போனவர்களல்லர், திரும்பிவர வீடில்லாதவர்கள்.

இப்போது விரிகுடாவின் வாயிலையே பெருங்கதவுகளால் அடைக்கும் திட்டத்துக்கு 2022ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்துள்ளது. அப்போதைய மதிப்பீடு ஏறத்தாழ 3,400 கோடி டாலர். ஒப்புதல் வேறு, நிதி வேறு என்பதை இண்டியனோலாவைக் கண்டும் சுவர் கட்டாத ஊரினர் நன்கறிவர்.

நாம் பெறும் பாடம்

புயலை நிறுத்த மனிதனால் ஆகாது. புயலுக்கு முன் சுவர் கட்டுவதா, பின் கல்லறை கட்டுவதா என்பது மனிதன் போடும் கணக்கைப் பொறுத்தது. கால்வெஸ்டன் மீண்டதற்குக் காரணம், ஊரார் தம் பணத்தை வைத்தார்கள், அரசு தன் பங்கை விட்டுக்கொடுத்தது, கணக்குக் காட்ட ஆள் இருந்தார். அது தவறிய இடம் எது? சுமையைப் பகிர்ந்தவர்களின் பட்டியலில் ஏழையின் பெயர் இருந்தது. பயனடைந்தவர்களின் பட்டியலில் பல வேளைகளில் இல்லை.

ஆகவே, ஏதேனும் ஒரு கடலோர நகரம் புயலிலிருந்து மீண்டுவிட்டது என்று செய்தி படிக்கும்போது, புதிய கட்டடங்களின் படத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். புயலுக்கு முன் அங்கே வாடகைக்கு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும் நாளில்தான் அந்நகரின் கணக்கு உண்மையிலேயே நேராகிறது.